கெர்னல் நேரம் தவறாமல் நடக்குமா? நிகழ்நேர ஷெட்யூலிங்கைக் கண்டறியும் முறை

பல நிரல்களின் நிறுவல் ஸ்கிரிப்ட்டில் இந்தச் சோதனைக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பது ஒரே ஒரு வரி. கெர்னலின் பெயர்ப்பட்டையை வாங்கிப் பார்க்கும். அதில் ‘ப்ரீஎம்ப்ட்’ என்ற சொல் இருந்தால் நிகழ்நேர ஆதரவு உண்டு என்று முடிவு கட்டிவிடும். அந்த முடிவை நம்பி ஒரு மோட்டாரோ, ஒலிக்கருவியோ, ரோபோவின் கையோ இயங்கத் தொடங்கும். சோதனை தவறு என்பது அன்றைக்கே தெரிவதில்லை. கணினிக்கு வேலை குறைவாக இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காகவே ஓடும். வட்டில் பெரிய கோப்பு எழுதப்படும்போதோ நெட்வொர்க்கில் நெரிசல் ஏறும்போதோதான் ஒரு சுற்று தவறும். ‘கெர்னல் நிகழ்நேர ஷெட்யூலிங்கை ஆதரிக்கிறதா’ என்பதற்குள் நான்கு கேள்விகள் அடங்கியிருக்கின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். நிகழ்நேரக் கொள்கைகளை இந்தக் கெர்னல் அறியுமா? அவற்றைப் பயன்படுத்த நம் நிரலுக்கு அனுமதி உண்டா? முக்கியமான வேலை வந்தால் வழிவிடும்படி கெர்னல் கட்டப்பட்டிருக்கிறதா? இந்த வன்பொருளில், இந்தச் சுமையில், அது குறித்த நேரத்துக்குள் வருகிறதா? ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று வேண்டும். ஒன்றுக்குக் கிடைத்த விடையை இன்னொன்றுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

நிகழ்நேரம் என்பதை வேகம் என்று புரிந்துகொண்டால் இந்தக் கேள்விகள் எதற்கு என்றே தெரியாது. நொடிக்கு 1,000 முறை ஓட வேண்டிய ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றுக்கும் கிடைப்பது 1,000 மைக்ரோநொடி. சராசரித் தாமதம் 10 மைக்ரோநொடிதான் என்றாலும், எப்போதாவது ஒருமுறை அது 3,000 மைக்ரோநொடியாக நீண்டால் மூன்று சுற்றுகள் காணாமல் போய்விடும். சராசரி 50 மைக்ரோநொடியாக இருந்து, எந்தச் சுமையிலும் 100-ஐத் தாண்டாத கணினி இந்த வேலைக்கு அதைவிட மேலானது. ஆகவே நாம் தேடுவது மோசமான நேரத்திலும் மீறப்படாத ஓர் உச்சவரம்பை. லினக்ஸை எடுத்துக்காட்டாக வைத்தே இங்கே பேசுகிறேன். இந்த நான்கு கேள்விகளும் தெளிவாகப் பிரிந்து நிற்பது அங்கேதான்.

முதல் கேள்வி: கொள்கைகளை அறியுமா?

நிகழ்நேர ஷெட்யூலிங்குக்கான இடைமுகத்தை 1993-இல் போசிக்ஸ் 1003.1பி தரநிலை வரையறுத்தது. அதன் இரண்டு முக்கியக் கொள்கைகள் ஷெட்_ஃபிஃபோ, ஷெட்_ஆர்ஆர். ஃபிஃபோவில் ஓடும் த்ரெட் தானாகக் காத்திருப்புக்குப் போகும்வரை, அல்லது தானே விட்டுக்கொடுக்கும்வரை, அல்லது அதைவிட முன்னுரிமை கூடிய ஒன்று வந்து நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்ஆரில், ஒரே முன்னுரிமை உடையவை நேரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். லினக்ஸில் இரண்டுக்கும் முன்னுரிமை எண்கள் 1 முதல் 99 வரை. 2014-இல் வெளிவந்த 3.14 பதிப்பில் ஷெட்_டெட்லைன் என்ற மூன்றாவது கொள்கை சேர்ந்தது. அதற்கு முன்னுரிமை எண் கிடையாது. எவ்வளவு நேரம் ஓட வேண்டும், எதற்குள் முடிய வேண்டும், எத்தனை இடைவெளியில் திரும்ப வேண்டும் என்ற மூன்று அளவுகளைக் கொடுக்கிறோம். அவ்வளவு நேரத்தை ஒதுக்க இடமில்லை என்றால் கெர்னல் அப்போதே மறுத்துவிடும்.

இவை இருக்கின்றனவா என்று பார்க்கப் பலர் கெட்கான்ஃப் கட்டளையில் _போசிக்ஸ்_ப்ரையாரிட்டி_ஷெட்யூலிங் என்ற பெயரைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். 200809 என்ற எண் வந்தால் ஆதரவு உண்டு என்று கொள்கிறார்கள். ஜிலிப்சியில் அந்த எண் லைப்ரரிக்குள் பொறிக்கப்பட்ட ஒன்று. போசிக்ஸ் 2008 பதிப்பின் இந்தப் பகுதிக்கான செயற்கூறுகள் தன்னிடம் உள்ளன என்று லைப்ரரி அறிவிக்கிறது. அடியில் ஓடும் கெர்னலை அது கேட்டுப் பார்ப்பதில்லை. இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஆல்பைன் லினக்ஸ் பயன்படுத்தும் மஸ்ல் லைப்ரரியில் ஷெட்_செட்ஷெட்யூலர் என்ற செயற்கூறு எப்போதுமே ஈநோசிஸ், அதாவது ‘அப்படியொரு சிஸ்டம் கால் இல்லை’, என்ற பிழையையே திருப்பும். கெர்னலில் அந்த வசதி இல்லாததால் அல்ல. போசிக்ஸ் ஒரு செயல்முறை முழுவதையும் குறிக்கும் இடத்தில் லினக்ஸின் சிஸ்டம் கால் ஒரு த்ரெட்டை மட்டுமே மாற்றுகிறது. அந்த முரண்பாட்டை ஏற்க விரும்பாமல் மஸ்லை எழுதியவர்கள் வேண்டுமென்றே அடைத்துவைத்த கதவு அது. அதே கணினியில் பிதிரெட்_செட்ஷெட்பாரம் வழியாகக் கேட்டால் வேலை நடக்கும். லைப்ரரி ‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் அது கெர்னலின் வாக்குமூலம் ஆகாது.

கெர்னலிடமே கேட்க எளிய வழி, சிஎச்ஆர்டி கட்டளையை ‘எம்’ தேர்வோடு ஓட்டுவது. ஒவ்வொரு கொள்கைக்கும் ஒரு வரி வரும். சாதாரணக் கொள்கைக்கு எதிரே 0/0 என்றும், ஃபிஃபோ, ஆர்ஆர் இரண்டுக்கும் எதிரே 1/99 என்றும், டெட்லைன் இருந்தால் அதற்கு எதிரே 0/0 என்றும் காட்டும். நிரலுக்குள்ளிருந்து கேட்பதானால் ஷெட்_கெட்_ப்ரையாரிட்டி_மேக்ஸ் அந்த 99-ஐத் தரும். எண்ணை அப்படியே நிரலில் எழுதிவைக்காமல் கேட்டு வாங்குவது நல்லது. போசிக்ஸ் கேட்பது குறைந்தது 32 படிகளைத்தான், வேறு அமைப்புகளில் எல்லை வேறாக இருக்கலாம். ஆனால் இந்த விடையின் எடை எவ்வளவு என்பதை மறக்கக் கூடாது. இன்று மேசையில், சர்வரில், கைபேசியில் ஓடும் லினக்ஸ் கெர்னல் எல்லாமே இந்தச் சோதனையில் தேறும். எல்லோரும் தேறும் தேர்வால் யாரையும் பிரித்தறிய முடியாது.

இரண்டாம் கேள்வி: நமக்கு அனுமதி உண்டா?

கொள்கையை அறிந்த கெர்னல் அதை எல்லோருக்கும் கொடுத்துவிடுவதில்லை. முன்னுரிமை 99-இல் முடிவில்லாத சுற்றில் சிக்கிய ஒரு த்ரெட் ஒரு சிபியுவைக் கிட்டத்தட்ட முழுவதும் விழுங்கிவிடும் என்பதால் இந்தக் காவல் நியாயமானதே. இங்கே கவனிக்க வேண்டியது பிழைக்குறி. ஈநோசிஸ் என்றால் அந்த அழைப்பே கிடைக்கவில்லை. ஈஇன்வால் என்றால் கொள்கையின் பெயரோ முன்னுரிமை எண்ணோ தவறு. ஈபெர்ம் என்றால் வசதி இருக்கிறது, உங்களுக்குக் கொடுக்கவில்லை. மூன்றையும் ஒன்றாகச் சுருட்டி ‘நிகழ்நேர ஆதரவு இல்லை’ என்று அச்சிடும் நிரல் பயனரைத் தவறான வழியில் அனுப்புகிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துபோகும் சிக்கலுக்காக அவர் கெர்னலையே மாற்ற உட்கார்ந்துவிடுவார்.

அனுமதி இரண்டு வழிகளில் வரும். கேப்_சிஸ்_நைஸ் என்ற தனி உரிமை ஒன்று; ஆர்லிமிட்_ஆர்டிப்ரியோ என்ற வரம்பு மற்றொன்று. ஷெல்லில் யூலிமிட் கட்டளையை ‘ஆர்’ தேர்வோடு கொடுத்தால் அந்த வரம்பு தெரியும். பெரும்பாலான கணினிகளில் சாதாரணப் பயனருக்கு அது 0. ஒலிப்பதிவுக்கான டிஸ்ட்ரோக்களில் ஆடியோ குழுவுக்கு 95 என்று லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதியிருப்பார்கள். அந்தக் கோப்பு உள்நுழையும் நேரத்தில்தான் படிக்கப்படுகிறது என்பதால், மாற்றிய பிறகு வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். சிஸ்டம்டி தொடங்கிவைக்கும் சேவைகளுக்கு அந்தக் கோப்பு பொருந்தவே பொருந்தாது. சேவையின் யூனிட் கோப்பில் லிமிட்ஆர்டிப்ரியோ என்ற வரி வேண்டும். முனையத்தில் கையால் ஓட்டும்போது சரியாக இருந்து, சேவையாக ஓடும்போது ஈபெர்ம் தரும் நிரல்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

ரூட்டாக ஓட்டிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்று கேட்கலாம். இரண்டு காரணங்களால் அது சரியான விடை ஆகாது. முதலாவது, ரூட்டாகச் சோதித்துவிட்டு வேறொரு பயனராக ஓட்டினால், சோதித்தது ஒன்று, ஓடுவது இன்னொன்று. இரண்டாவது, ரூட்டுக்கும் மறுப்பு வரும் இடங்கள் உண்டு. டாக்கர் கண்டெய்னருக்குள் ரூட்டாக இருந்தாலும் கேப்_சிஸ்_நைஸ் இயல்பாகக் கிடைப்பதில்லை. தொடங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். ஆர்டி_குரூப்_ஷெட் தேர்வோடு கட்டப்பட்ட கெர்னலில், சிகுரூப்பின் முதல் பதிப்பு பயன்பாட்டில் இருந்தால், புதிதாக உருவாகும் ஒவ்வொரு குழுவுக்கும் நிகழ்நேர ஒதுக்கீடு 0 மைக்ரோநொடி. அந்தக் குழுவுக்குள் இருந்து ஃபிஃபோ கேட்டால் எந்த உரிமை இருந்தாலும் ஈபெர்ம்தான். எனவே சோதனையை உண்மையில் ஓடப்போகும் பயனராக, ஓடப்போகும் சேவைக்குள், ஓடப்போகும் கண்டெய்னருக்குள் நடத்துங்கள்.

கேட்டுப் பெற்றபின் திரும்பப் படித்துப் பார்ப்பதும் இந்தச் சோதனையில் சேரும். விண்டோஸில் நிகழ்நேர முன்னுரிமை வகுப்பைக் கேட்கும் செயல்முறைக்கு அதற்குரிய உரிமை இல்லை என்றால், அமைப்பு பிழை எதுவும் சொல்லாமல் ஒரு படி கீழான உயர் முன்னுரிமை வகுப்பைக் கொடுத்துவிடும். லினக்ஸ் அப்படி ஏமாற்றுவதில்லை. ஆனால் முன்னுரிமை த்ரெட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி என்பதால், முதன்மை த்ரெட்டுக்கு வாங்கிய ஃபிஃபோ, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலைத் த்ரெட்டுக்குப் போய்ச் சேராது. பிஎஸ் கட்டளையில் த்ரெட் வாரியாக வகுப்பையும் நிகழ்நேர முன்னுரிமையையும் கேட்டால், எது எஃப்எஃப், எது டிஎஸ் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். டிஎஸ் என்றிருப்பது சாதாரண ஷெட்யூலிங்.

மூன்றாம் கேள்வி: கெர்னல் வழிவிடுமா?

கொள்கையும் அனுமதியும் கிடைத்த த்ரெட், சைரன் ஒலிக்கும் ஆம்புலன்ஸ் மாதிரி. சாலையில் மற்ற வண்டிகள் ஒதுங்கும். ஆனால் ரயில்வே கேட் மூடியிருந்தால் அதுவும் நிற்கத்தான் வேண்டும். சாதாரண லினக்ஸ் கெர்னலில் அப்படிப்பட்ட கேட்டுகள் நிறைய. ஒரு சாதனத்தின் இண்டரப்டைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது, சுழல்பூட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, நெட்வொர்க் பொட்டலங்களைத் தள்ளிவைத்த வேலையாகச் செய்துகொண்டிருக்கும்போது, முன்னுரிமை 99 வந்து நின்றாலும் கெர்னல் கையிலிருப்பதை முடித்துவிட்டுத்தான் சிபியுவைக் கொடுக்கும். ப்ரீஎம்ப்ட்_ஆர்டி என்ற கட்டமைப்பு இந்தக் கேட்டுகளைத்தான் அகற்றுகிறது. பெரும்பாலான சுழல்பூட்டுகளைத் தூங்கக்கூடிய பூட்டுகளாக மாற்றி, காத்திருக்கும் த்ரெட்டின் முன்னுரிமையைப் பூட்டைப் பிடித்திருக்கும் த்ரெட்டுக்கு வழங்கும் வசதியை அவற்றில் சேர்க்கிறது. இண்டரப்ட் கையாளும் பகுதிகளைத் தனித் த்ரெட்டுகளாக்கி, அவற்றையும் ஷெட்யூலரின் ஆட்சிக்குள் கொண்டுவருகிறது.

பூட்டுகளின்மேல் இவ்வளவு அக்கறை எதற்கு என்பதற்கு 1997-இல் செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் நல்ல சான்று. அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ், நிகழ்நேரத்துக்கென்றே எழுதப்பட்ட அமைப்பு. முன்னுரிமைகளும் ஒழுங்காகவே கொடுக்கப்பட்டிருந்தன. வானிலைத் தரவு சேகரிக்கும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. அதே பூட்டுக்காக உயர்ந்த முன்னுரிமைப் பணி காத்திருந்தது. நடுத்தரமான இன்னொரு பணி இடையில் புகுந்து தாழ்ந்த பணியை ஓடவிடாமல் செய்தது. பூட்டு விடுபடவில்லை, உயர்ந்த பணி கெடுவைத் தவறவிட்டது, கண்காணிப்பு டைமர் கலத்தின் கணினியைத் திரும்பத் திரும்ப மீள்தொடங்க வைத்தது. அந்தப் பூட்டில் முன்னுரிமையை வழங்கும் வசதியைப் பூமியிலிருந்தே இயக்கிவிட்ட பிறகுதான் தீர்ந்தது. முன்னுரிமை எண்ணை ஏற்றுக்கொள்ளும் ஷெட்யூலர் இருப்பது மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ப்ரீஎம்ப்ட்_ஆர்டி பேட்ச் தொகுப்பு லினக்ஸின் மூல மரத்துக்குள் வந்துசேர இருபது ஆண்டுகள் ஆயின. 2004 வாக்கில் இங்கோ மோல்னார், தாமஸ் க்ளைக்ஸ்னர் முதலியோர் தொடங்கிய வேலை. அதற்கான தேர்வு 2019-இல் 5.3 பதிப்பில் இடம்பிடித்தது. கெர்னல் செய்திகளை அச்சிடும் ப்ரிண்ட்கே பகுதி திருத்தி எழுதப்பட்ட பிறகு, 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில்தான் எக்ஸ்86, ஆர்ம்64, ரிஸ்க்-வி மூன்றுக்கும் முழுமையாகக் கிடைத்தது. இந்த வரலாறு தெரிந்தால் ஒரு தவறான குறுக்குவழி தானே அடைபடும். பதிப்பு 6.12-ஐத் தாண்டிவிட்டது, ஆகவே இது நிகழ்நேரக் கெர்னல் என்று சொல்ல முடியாது. அந்தத் தேர்வு இயல்பில் அணைந்தே இருக்கும். கெர்னலைக் கட்டியவர் இயக்கியிருந்தால்தான் உண்டு. மறுபுறம் 5.10-ஐயோ 4.19-ஐயோ பேட்ச் போட்டுக் கட்டியிருந்தால், பழைய பதிப்பே நிகழ்நேரக் கெர்னலாக இருக்கும்.

சரி, கண்டறிவது எப்படி? யூநேம் கட்டளையை ‘வி’ தேர்வோடு ஓட்டினால், கட்டப்பட்ட விதத்தைச் சொல்லும் ஒரு வரி வரும். அதில் ப்ரீஎம்ப்ட்_ஆர்டி என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. பழைய பேட்ச் கெர்னல்களில் அடிக்கோடு இல்லாமல் ப்ரீஎம்ப்ட் ஆர்டி என்று இடைவெளியோடு இருக்கும். இரண்டையும் ஏற்க வேண்டும். வெறும் ‘ப்ரீஎம்ப்ட்’ என்று தேடும் ஸ்கிரிப்ட்தான் ஆபத்தானது. இன்று பல டிஸ்ட்ரோக்களின் சாதாரணக் கெர்னல் ப்ரீஎம்ப்ட்_டைனமிக் என்று சொல்லிக்கொள்கிறது. வழிவிடும் முறையைக் கணினி தொடங்கும்போது தேர்ந்துகொள்ளலாம் என்பதே அதன் பொருள். டீபக் அடைவில் ஷெட் என்பதற்குள் இருக்கும் ப்ரீஎம்ப்ட் கோப்பை ரூட்டாகத் திறந்தால் நன், வாலண்டரி, ஃபுல் என்று வரிசையாக இருக்கும்; இவற்றில் அடைப்புக்குறிக்குள் நிற்பது நடப்பிலிருக்கும் முறை. அது வாலண்டரி என்று இருந்தால், பெயரில் ‘ப்ரீஎம்ப்ட்’ வந்தும் அந்தக் கெர்னல் தானாகச் சில இடங்களில் மட்டுமே வழிவிடுகிறது. யூநேமின் ‘ஆர்’ தேர்வு காட்டும் பெயரில் வரும் ‘ஆர்டி’, ‘ரியல்டைம்’ போன்ற ஒட்டுகள் கட்டியவர் சூட்டியவை; நல்ல குறிப்புகள், ஆனால் சான்று ஆகா. உபுண்டுவின் ‘லோலேட்டன்சி’ கெர்னல் தாமதத்தைக் குறைப்பதற்கானது; ஆர்டி அல்ல.

அடுத்த சான்று, கெர்னலைக் கட்டிய அமைப்புக் கோப்பு. பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் அதை பூட் அடைவில் பதிப்பின் பெயரோடு வைக்கின்றன. சில கெர்னல்கள் ப்ராக் அடைவில் கான்ஃபிக்.ஜிஇசட் என்று சுருக்கித் தருகின்றன. இதிலும் ஒரு கண்ணி உண்டு. தேர்வு அணைந்திருக்கும்போதும் அந்தக் கோப்பில் ‘கான்ஃபிக்_ப்ரீஎம்ப்ட்_ஆர்டி அமைக்கப்படவில்லை’ என்ற பொருளில், ஹாஷ் குறியோடு தொடங்கும் ஒரு வரி நிற்கும். பெயரை மட்டும் கிரெப் செய்தால் அந்த வரியும் சிக்கும், கிரெப் வெற்றி என்று திரும்பும், ஸ்கிரிப்ட் ‘ஆதரவு உண்டு’ என்று எழுதும். வரியின் தொடக்கத்திலிருந்து பெயர், சமக்குறி, ‘ஒய்’ என்ற எழுத்து மூன்றும் சேர்ந்த முழு வரியையே தேட வேண்டும். பழைய பேட்ச்களில் இதே தேர்வின் பெயர் இறுதியில் ‘ஃபுல்’ என்ற ஒட்டோடு இருந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூட் அடைவில் பல கெர்னல்களின் கோப்புகள் இருக்கும் என்பதால், இப்போது ஓடும் கெர்னலின் பெயரோடு பொருந்துவதை மட்டுமே திறக்க வேண்டும்.

மூன்றாவது, சிஸ் அடைவில் கெர்னல் என்பதற்குள் இருக்கும் ரியல்டைம் என்ற சிறு கோப்பு. பேட்ச் தொகுப்பின் வழியாக வந்த கோப்பு இது. நிகழ்நேரக் கெர்னலில் அதைப் படித்தால் 1 என்று வரும். 1,000 ஹெர்ட்ஸில் ரோபோக் கையை இயக்கும் லைப்ரரிகளுள் இந்தக் கோப்பையே பார்ப்பவை உண்டு. 1 இருந்தால் அது உறுதியான சான்று. கோப்பே இல்லை என்றால், அதை மறுப்பாகக் கொள்ளாமல் மற்ற இரண்டு சான்றுகளுக்குப் போக வேண்டும். பிஎஸ் பட்டியலில் ஐஆர்க்யூ என்று தொடங்கும் த்ரெட்டுகள் ஃபிஃபோ 50-இல் நிற்பதையும் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அதை நம்ப வேண்டாம். த்ரெட்ஐஆர்க்யூஸ் என்ற தொடக்க அளபுருவைக் கொடுத்தால் சாதாரணக் கெர்னலும் அப்படித்தான் காட்டும்.

நான்காம் கேள்வி: இந்தக் கணினியில் நடக்கிறதா?

கெர்னல் வழிவிடத் தயாராக இருந்தும் அடியிலுள்ள வன்பொருள் இடம்கொடுக்காமல் போகலாம். எக்ஸ்86 கணினிகளில் ஃபர்ம்வேர் எஸ்எம்ஐ என்ற இண்டரப்ட்டால் கெர்னலுக்குத் தெரியாமலே சிபியுவைப் பிடுங்கிக்கொள்ளும். கெர்னலின் பார்வையில் அந்த நேரம் வெறுமனே மறைந்துபோகிறது. ஹெச்டபிள்யூலாட்டிடெக்ட் என்ற கருவி, இண்டரப்டுகளை அடைத்துவிட்டுக் கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, இடையில் விழும் ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும். உயர் துல்லிய டைமர் வேலை செய்கிறதா என்பதை க்ளாக்_கெட்ரெஸ் சொல்லும்: 1 நானோநொடி என்றால் சரி, 4 மில்லிநொடி என்றால் நொடிக்கு 250 துடிப்போடு ஓடும் பழைய முறை, அதன்மேல் எந்த நிகழ்நேரத்தையும் கட்ட முடியாது.

இதற்கெல்லாம் மேலான அளவுகோல் ஆர்டி-டெஸ்ட்ஸ் தொகுப்பில் உள்ள சைக்ளிக்டெஸ்ட். குறித்த நேரத்தில் எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்கும். எழுந்ததும் கடிகாரத்தைப் பார்த்து எத்தனை மைக்ரோநொடி பிந்தியது என்று குறிக்கும். நினைவகத்தைப் பூட்டி, எல்லா சிபியுவிலும், முன்னுரிமை 80-இல், 200 மைக்ரோநொடி இடைவெளியில் ஓட்டுவது வழக்கம். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் மின், ஆக்ட், ஏவிஜி, மேக்ஸ் என்று நான்கு எண்கள் வரும். கண் வைக்க வேண்டியது மேக்ஸ் மேல். சும்மா இருக்கும் கணினியில் ஓட்டி வாங்கிய எண்ணுக்கு மதிப்பில்லை. பக்கத்தில் ஸ்ட்ரெஸ்-என்ஜியையோ ஹேக்பெஞ்ச்சையோ ஓட்டி, உங்கள் கணினி உண்மையில் சந்திக்கப்போகும் வட்டு, நெட்வொர்க் வேலைகளையும் சேர்த்து, மணிக்கணக்கில் விட வேண்டும்.

இந்த எண்ணையும் அப்படியே நம் நிரலுக்கு உரிமையாக்கிக்கொள்ள முடியாது. சைக்ளிக்டெஸ்ட் தொடங்கும்போதே சிபியு_டிஎம்ஏ_லேட்டன்சி என்ற சாதனக் கோப்பில் 0 எழுதி, சிபியு ஆழ்ந்த மின்சேமிப்பு நிலைக்குப் போகாமல் தடுத்துவிடுகிறது. உங்கள் நிரல் அதைச் செய்யவில்லை என்றால், தூக்கத்திலிருந்து சிபியு விழித்தெழும் நேரம் உங்கள் தாமதத்தில் கூடும். சோதனையில் அது தெரிந்திருக்காது. எம்லாக்ஆல் அழைக்காத நிரலுக்குப் பக்கப் பிழையால் வரும் தாமதமும் அப்படியே. ஃபிஃபோவில் விடாமல் ஓடும் நிரலுக்கு இன்னொரு வரம்பும் காத்திருக்கிறது: இயல்பான அமைப்பில் ஒவ்வொரு 10,00,000 மைக்ரோநொடியிலும் நிகழ்நேரப் பணிகளுக்கு 9,50,000 மட்டுமே. மீதி 50 மில்லிநொடிக்கு, சாதாரணப் பணிகள் பட்டினி கிடக்காதபடி, உங்கள் த்ரெட் ஓரங்கட்டப்படலாம்.

முடிவில் அளந்துதான் ஆகவேண்டும் என்றால் முதல் மூன்று கேள்விகள் எதற்கு, நேரே அளந்துவிடலாமே என்பது வலுவான ஆட்சேபம். அதற்கு விடை, அளவை எதை நிரூபிக்கும் என்பதில் இருக்கிறது. மேக்ஸ் 3,000 என்று வந்தால் இந்தக் கணினி ஆகாது என்பது உறுதி. மேக்ஸ் 60 என்று வந்தால், ஓட்டிய அந்த நேரத்தில் 60-ஐத் தாண்டவில்லை என்பது மட்டுமே உறுதி. நாளை வரும் ஒரு டிரைவரின் நீண்ட பூட்டு இன்றைய அளவையில் தென்பட்டிருக்காது. அத்தகைய பூட்டுகள் பெரும்பாலும் நம்மைத் தடுக்க முடியாத கட்டமைப்பு இது என்ற உறுதியை மூன்றாம் கேள்வி தருகிறது. எதிர்த்திசையில், கட்டமைப்பு சரி என்பதால் அளவையை விட்டுவிட்டால் ஃபர்ம்வேரின் திருட்டு கண்ணுக்குத் தெரியாது. கட்டமைப்பு காரணத்தைச் சொல்கிறது, அளவை விளைவைச் சொல்கிறது. கருவியை நம்பி ஒருவர் கையை நீட்டும் இடத்தில் இரண்டும் வேண்டும்.

பாட்டுக் கேட்கும் நிரலுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்பது இன்னொரு ஆட்சேபம். தேவையில்லை என்பதே நேர்மையான விடை. ஒரு சுற்று தவறினால் காதில் ‘டக்’ என்று ஒலி கேட்கும், அவ்வளவுதான் என்றால் முதல் இரண்டு கேள்விகள் போதும். சாதாரணக் கெர்னலில் ஃபிஃபோ அனுமதி கிடைத்தாலே பெரும்பாலான இசைக்கலைஞர்களின் தேவை தீர்ந்துவிடும். ப்ரீஎம்ப்ட்_ஆர்டிக்கு விலையும் உண்டு. அடிக்கடி வழிவிடும் கெர்னல் மொத்தமாக முடிக்கும் வேலை குறையும். தரவுத்தள சர்வரில் அதைப் போடுவது நஷ்டம். எத்தனை கேள்விகள் கேட்க வேண்டும் என்பதைத் தாமதத்தின் தண்டனை என்ன என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஆகவே ஆதரவைக் கண்டறியும் பகுதியை எழுதும்போது, அது ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லைத் திருப்பும்படி எழுதாதீர்கள். நான்கு உண்மைகளைத் தனித்தனியாகத் திருப்பட்டும்: கெர்னல் அறிந்த கொள்கைகளும் முன்னுரிமை எல்லையும், ஓடப்போகும் த்ரெட் கேட்டபோது கிடைத்த முன்னுரிமை அல்லது வந்த பிழைக்குறி, கட்டமைப்பு ஆர்டியா, அதை எந்தச் சான்று சொன்னது, கடைசியாக அளந்த உச்சத் தாமதம், எந்தச் சுமையில், எவ்வளவு நேரம். எதையாவது கண்டறிய முடியவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்று பதிவு செய்யட்டும். ‘இல்லை’ என்று எழுத வேண்டாம். ஆளுக்கு ஆபத்து விளையக்கூடிய இயந்திரம் என்றால் மூன்றாம் கேள்விக்கு ‘ஆம்’ வராதவரை நிரல் தொடங்க மறுக்க வேண்டும். மற்ற இடங்களில், குறைந்த நிலையில் ஓடுகிறேன் என்று காரணத்தோடு எச்சரித்துவிட்டுத் தொடரலாம். எந்த நிலையிலும், கேட்டது கிடைக்காமல் மௌனமாக ஓடுவது கூடாது. கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மூன்றாம், நான்காம் கேள்விகளுக்கான விடைகள் மாறக்கூடும். ஆதலால் இந்தச் சோதனையை நிறுவும் நாளோடு முடித்துக்கொள்ளாமல், நிரல் தொடங்கும்போதெல்லாம் முதல் மூன்றையும், கெர்னலோ ஃபர்ம்வேரோ மாறும்போதெல்லாம் நான்காவதையும் திரும்ப நடத்துங்கள்.